ஐம்பது இஞ்ச் வைத்தியம்

1

என் அப்பாவின் கண்ணில் வந்த நோய்க்கு ஐம்பது இஞ்ச் பிளாஸ்மா டிவி வாங்கி வைத்தியம் பார்த்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்த பிறகு தெரிந்தால், இந்த மடையனைப் போய் இவ்வளவு நேரம் வாசித்தோமே என்று உங்களுக்கு வருத்தமாகிவிடும். வைத்தியம் ஏறக்குறைய நான்கு மாதம் நடந்தது. நோயாளி மதுரையில் இருந்தார். வைத்தியர் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு கான்ட்ராஸ்ட் ரேஷியோ படித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருடங்களாக வெளியே சொல்லாததை இப்போது எழுதக் காரணம் எங்கள் தெருவின் குப்பை நாள். வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களை வாசலில் வைப்பதற்கென்று இங்கே நகராட்சி நாள் குறித்துக் கொடுக்கும். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்மா டிவியை வைத்திருந்தார். மேலே ஒரு சீட்டு: இயங்குகிறது. நான் அதன் முன்னால் தூறலில் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு மனம் இளகிவிட்டது போல. குடையோடு வந்து "வேண்டுமா?" என்றார்.

இந்த மொழியில் ஒரு பொறி உண்டு. எதையாவது நீட்டும்போது "டாங்கே" என்று நன்றி சொன்னால் வேண்டாம் என்று பொருள். "பிட்டே" என்றால் கொடுங்கள் என்று பொருள். பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனும் நானே. பதற்றத்தில் "பிட்டே, பிட்டே" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அவர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு நடையில் இறக்கிவிட்டுப் போனார். மனைவி என்னைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

2

அப்பா தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடும் அங்கேயேதான். பணியிலிருந்த காலமெல்லாம் அடுத்தவர்கள் எழுதிய கோப்புகளில் கோணல் தேடியவர். மார்ஜின் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கோப்பு வந்த வழியே திரும்பிப் போகும். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார்:

"டிவியில கீழ ஓடுற நியூஸ் வரி வளைஞ்சு போகுதுப்பா."

"வளையுதுன்னா எப்படி?"

"நடுவுல மேடு ஏறி எறங்குது. பாலத்துல பஸ்ஸு ஏறி எறங்குற மாதிரி."

அது பழைய டப்பா டிவி. கண்ணாடி முன்பக்கம் தொப்பை போட்டிருக்கும். எனக்குப் பதில் கண்டுபிடிக்க நான்கு விநாடி ஆனது. "பழைய பிக்சர் டியூப் அப்படித்தான்ப்பா இருக்கும். புதுசா தட்டையா ஒண்ணு வாங்கிருவோம்."

வெளிநாட்டில் இருக்கும் மகன்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. வீட்டிலிருந்து என்ன குறை சொன்னாலும் அதற்கு ஒரு சாமான் கண்டுபிடித்துவிடுவோம். அம்மா கால் வலிக்கிறது என்றார். பாதத்தைப் பிசைந்துவிடும் மெஷின் போனது. அடுப்படி புழுங்குகிறது என்றார், புகைபோக்கி போனது. என்னோடு பேச ஆள் இல்லை என்று ஒரு தடவை சொன்னார். கேமரா வைத்த கணினி போனது. தம்பி தங்கச்சி இல்லாத வீடு, நான் ஒருவன்தான் பிள்ளை, வீடு நிறைய என் சாமான்கள்.

அன்றைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "எனக்கு நேராத்தான் தெரியுது."

அப்பா ரிசீவரைக் கையால் மூடாமலே சொன்னார்: "ஒனக்கு என்னைக்குக் கோணல் தெரிஞ்சிருக்கு?"

நான் சிரித்தேன். அந்த நான்கு மாதத்தில் அந்த வீட்டில் நடந்த ஒரே கண் பரிசோதனை அதுதான். அதற்குத்தான் சிரித்திருக்கிறேன்.

3

என் வேலையைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். பம்பு தயாரிக்கும் ஆலையில், உதிரிபாகங்கள் நேராக இருக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது. மயிரிழைக் கோணலைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தப் புத்தியோடு டிவி தேர்வில் இறங்கினேன். அப்போது பிளாஸ்மாவா எல்சிடியா என்று இணையத்தில் மனிதர்கள் அடித்துக்கொண்டிருந்த காலம். கருப்பு கருப்பாகவே தெரிய வேண்டுமென்றால் பிளாஸ்மா, ஓடுகிற எழுத்து இழுபடாமல் தெரிய வேண்டுமென்றாலும் பிளாஸ்மா என்றார்கள். ஓடுகிற எழுத்துதானே நம் பிரச்சினை. அதிலும் ஹெச்டி என்றால் ஒவ்வோர் எழுத்தும் கல்வெட்டு மாதிரி நிற்கும் என்றார்கள். நாற்காலிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை வைத்துத் திரையின் அளவைச் சொல்லும் ஒரு சூத்திரம்கூடக் கிடைத்தது. அம்மாவிடம் தூரத்தை அளக்கச் சொன்னேன்.

"பதினோரு கல்லு தம்பி."

"கல்லுன்னா?"

"தரையில பதிச்ச கல்லுதான். டைல்ஸு."

"ஒரு டைல்ஸ் எம்புட்டு இருக்கும்?"

"உங்கப்பா பாதத்துல ஒண்ணேகால்."

அப்பாவின் செருப்பு எண் எனக்குத் தெரியும். பாதத்தை மீட்டராக்கி, மீட்டரை இஞ்சாக்கி, ஐம்பது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் சரிபார்க்கக் கூப்பிட்டேன்.

"இப்ப ஒம்பது கல்லு. நாற்காலியை முன்னாடி தள்ளிப் போட்டுக்கிட்டாரு."

கிட்டத்தில் உட்கார்ந்தால் சின்னத் திரை போதும். நாற்பத்திரண்டு என்று மாற்றினேன். அதற்கடுத்த வாரம் ஏழு கல். முப்பத்திரண்டு என்று வந்தது. ஒரு மனிதர் ஏன் வாரத்துக்கு இரண்டு கல் டிவியை நோக்கி நகர்ந்து வருகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் சூத்திரத்தைக் கெடுக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. "அப்பாவை ஒரு எடத்துல உக்காரச் சொல்லும்மா" என்றேன்.

இடையில் அவர் பேப்பரை நிறுத்திவிட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து காலையில் அப்பாவின் முகத்தை நான் பார்த்தது கிடையாது, பேப்பர்தான் தெரியும். "அச்சு சரியில்லப்பா. நடுவுல மை அழிஞ்சு அழிஞ்சு வருது" என்றார். நான் அதற்கும் வழி யோசித்தேன். புது டிவியில் யுஎஸ்பி துளை இருக்க வேண்டும், பேப்பரை அதில் ஏற்றிப் பெரிதாகப் படிக்கலாம் என்று என் தேவைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்.

கடைசியில் ஐம்பதையே வாங்கினேன். ஊரில் பார்க்கிறவர்கள் கேட்பார்களே, அதற்காக.

4

கடையிலிருந்து வந்து சுவரில் மாட்டினார்கள். மாட்ட வந்தவரே ரிமோட்டை அப்பா கையில் கொடுத்து, செய்திச் சேனலைப் போட்டிருக்கிறார். அப்பா பார்த்துவிட்டு, "இதுலயும் வளையுதே" என்றிருக்கிறார்.

"ஆமா சார். லேசா வளையுது" என்றாராம் அவர்.

கேபிள்காரரை வரவழைத்தோம். அவரும் பார்த்துவிட்டு, "ஆமா சார். சிக்னல்ல ஏதோ இருக்கு" என்று பாக்ஸை மாற்றிவிட்டுப் போனார். இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், வளைகிறது என்று சாட்சி சொல்லிவிட்டார்கள். நேராகத் தெரிகிறது என்று சொன்னது அம்மா மட்டும். இரண்டுக்கு ஒன்று. ஆலையில் நான் இப்படித்தான் தீர்ப்புச் சொல்வேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் எனக்கு மறந்துபோயிருந்தது. சட்டைப்பையில் பேனா குத்திய, நிமிர்ந்து உட்கார்ந்த, ஓய்வு பெற்ற ஒரு 'சார்' வளைகிறது என்றால், வீடு தேடி வந்த ஆள் ஆமா என்றுதான் சொல்வார். இல்லை என்பது மரியாதை இல்லை. நானே மதுரையில் இருந்த வரைக்கும் அப்பாவிடம் எத்தனை ஆமா சொல்லியிருப்பேன்.

அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'பொருள்: தொலைக்காட்சி, புதியது, வரி வளைவு நீடித்தல், தொடர்பாக' என்று அலுவலக நடையில்தான். ஆனால் வரிகள் வலப்பக்கம் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பஸ்ஸில் வைத்து எழுதினாரோ என்று நினைத்தேன். டிவி வளைவதற்காகக் கடை மேல் புகார் கொடுக்க, அந்தக் கடிதத்தையே ஸ்கேன் செய்து அனுப்பவும் செய்தேன்.

மகள் மீனுவுக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை கேமராவில் தாத்தாவோடு பேசுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி "தாத்தா, நீங்கள் நலமா?" என்பாள். அவரும் விடாமல் "நலம், நலமறிய ஆவல்" என்பார். அந்த வாரங்களில் ஒருநாள் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். "தாத்தா என்னைப் பாக்கவே மாட்றார். பக்கத்துல யாரையோ பாக்குறார்" என்று ஜெர்மன் பாதி தமிழ் பாதியாகச் சொன்னாள். கேமரா ஓரத்தில் இருக்கிறது கண்ணே, அப்படித்தான் தெரியும் என்று விளக்கினேன். அதற்கப்புறம் அவள் உட்கார மாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. கோட்டைத் தொடாமல் போட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. என் பெயரின் கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தொட்டுவிட்டது. திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போட்டேன். இந்த முறை பயத்தில் கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கி, பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி வந்தது. நேராக இருப்பதை அளந்து சம்பளம் வாங்குகிறவன், ஒரு கட்டத்துக்குள் தன் பெயரை எழுதத் தெரியாமல் இரண்டு மாதம் நாட்டைவிட்டு நகர முடியாமல் கிடந்தேன்.

5

பாண்டி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் சொல்லாமல் டிவி வாங்கியதில் அவனுக்கு மனக்குறை. அதனால் அவனைக் கூப்பிடத் தயங்கிக்கொண்டே இருந்தேன். வேறு வழியில்லாமல் கூப்பிட்டபோது, "வாரேன், வாரேன். பெரிய எடத்து டிவி, நம்ம கை படலாமா?" என்று ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனை வைத்தான்.

இரண்டு நாள் கழித்து, நான் ஆலையில் இருக்கும்போது போன் செய்தான்.

"மாப்ள, உங்க வீட்டு வாசல்லதான் நிக்கேன். வண்டியில உக்காந்துக்கிட்டுப் பேசுறேன். செட்டுல ஒண்ணும் இல்ல."

"கேபிள்காரரே வளையுதுன்னாரேடா."

"உங்கப்பா முன்னாடி நின்னு இல்லைங்கய்யான்னு எவன் சொல்லுவான்? நானே முந்தாநாள் ஆமாங்கய்யான்னுட்டுத்தான் வந்தேன். பெறகு மனசு கேக்கல. இன்னைக்குக் கடையிலயிருந்து சின்ன செட்டு ஒண்ணு தூக்கிட்டு வந்து மாட்டிக் காட்டுனேன். வளையுதுன்னாரு. பாக்ஸை மாத்துனேன். வளையுதுன்னாரு. ஒயரையும் மாத்துனேன். எங்க தொழில்ல அப்படித்தான் மாப்ள, ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டே வரணும். எதை மாத்துனா கம்ப்ளைன்ட் நிக்குதோ அதுதான் கம்ப்ளைன்ட்டு."

"சரி."

"நிக்கவே இல்ல. சரின்னு இரும்பு ஸ்கேலை எடுத்து அந்த ஓடுற வரிக்கு அடியில வச்சேன். 'அய்யா, வரி ஸ்கேலு மேல ஒட்டி ஓடுதா'ன்னேன். ஓடுதுன்னாரு. 'அப்ப நேராத்தானங்கய்யா இருக்கு'ன்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன?"

"'உன் ஸ்கேலு வளைஞ்சிருக்குடா பாண்டி'ங்குறாரு."

நான் சிரித்தேன். பாண்டி சிரிக்கவில்லை.

"ஜன்னல் கம்பியக் காட்டுனேன், மாப்ள. அதுவும் வளைஞ்சிருக்காம். நெலைக்கதவும் வளைஞ்சிருக்காம். வீடு பழசாயிருச்சு, எல்லாம் எறங்குதுங்குறாரு. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்கய்யான்னேன். இடது கண்ணைப் பொத்துனா டிவியே காணோம். நடுவுல சாம்பலா ஒரு உருண்டைதான் இருக்காம். அம்மா பக்கத்துலதான் நின்னுச்சு."

நான் ஒரு பம்புத் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் என்னவென்று சைகையில் கேட்டார். தண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. மாத்தாதது உங்கப்பா ஒருத்தரைத்தான்" என்றான் பாண்டி. "நாளைக்குக் காலையில கண்ணாஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நீ ஒண்ணும் வாங்கி அனுப்பாத."

6

மதுரைக்குக் கண்ணைக் காட்டவென்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். பள்ளிக்கூடம் போகும்போது, ஒற்றைக் கண்ணில் பச்சைத் துணி கட்டிய எத்தனையோ வெளியூர்க்காரர்களுக்கு நான் பஸ் நிறுத்தம் காட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு நான் ஜெர்மனியிலிருந்து கண் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

பாண்டி போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரின் மேசையில் வைத்திருந்தான். டாக்டர் இளம்பெண் என்று குரலில் தெரிந்தது.

"எப்பயிருந்துங்கய்யா கோடு வளைஞ்சு தெரியுது?"

"பழைய டிவியிலயிருந்தும்மா" என்றார் அப்பா.

"பழைய டிவின்னா எப்ப?"

அப்பா யோசித்தார். அம்மாதான் சொன்னார்: "அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முந்தி."

அழகர் இறங்குவது சித்திரையில். இப்போது ஆடி முடியப் போகிற நேரம். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் பின்பக்கம் நடுவில் ரத்தம் கசிகிறது. வலது கண்ணில் எப்போதோ கசிந்து தழும்பாகிவிட்டது. இடது கண் சமாளித்ததால் தெரியவில்லை. இப்போது இடதிலும் பாதி தழும்பு. மிச்சத்தைக் காப்பாற்ற ஊசி போடலாம், போனது திரும்பாது.

"ஓரத்துப் பார்வை இருக்கும்ங்கய்யா. தனியா நடக்கலாம், சாப்பிடலாம். எழுத்து, ஆளு முகம், இதெல்லாம் கஷ்டம்."

"மொதல்லயே வந்திருந்தா?" என்று நான் கேட்டேன். மேசை மேலிருந்து குரல் வந்ததும் டாக்டர் திடுக்கிட்டிருக்க வேண்டும்.

"யாரு?"

"மகன். வெளிநாட்டுல இருக்காப்ல" என்றான் பாண்டி.

"மொதல் ரெண்டு மூணு வாரத்துல வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றார் டாக்டர். அந்தச் 'சார்' எனக்கு.

அம்மா, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

7

இரண்டாவது ஊசி போட்ட பிறகு என் பாஸ்போர்ட் வந்தது. போனேன். கதவைத் திறந்த அப்பா என் இடது காதுக்குப் பக்கத்தில் பார்த்து, "வாப்பா. முடி கொட்டிருச்சா?" என்றார். மீனு சொன்னது சரிதான். ஓரத்தில் பார்த்தால்தான் அவருக்கு ஆள் தெரியும். ஜெர்மனிக்குத் திரும்பியதும் அவளிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவளுக்கு நீச்சல் வகுப்பு வந்துவிட்டது. இப்போது இருபத்தொரு வயது. தாத்தாவிடம் பேச வேண்டுமென்று அவளுக்கு ஆசை இருக்கிறது, வார்த்தைதான் இல்லை.

புத்தி திருந்திவிட்டதாக நினைக்காதீர்கள். என் பெட்டியில் விளக்கு பொருத்திய பெரிய பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. அம்மா அதை வாங்கி, கால் பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில் பரண்மேல் வைத்தார்.

மூன்று நாள் டிவி முன்னால் உட்கார்ந்து வெளிச்சத்தைக் கூட்டினேன், நிறத்தைக் குறைத்தேன், எழுத்தைத் தடித்ததாக்கினேன். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்குப் பக்கவாட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "இப்ப எப்படி?", "இப்ப?" என்று நான் கேட்கக் கேட்க, புதிதாக வந்த கிளார்க்கைப் பொறுத்துக்கொள்வது போலத் தலையசைத்தார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்: "என் மேல கோவமாப்பா?"

"நீ என்ன செய்வ? நானும் டிவின்னுதான நெனச்சேன்."

அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச அவர் இடம் கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

ஜெர்மனி திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். எதைக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் எடுத்தேன். மழை பெய்ததா என்று கேட்டேன். ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். அடுத்த ஊசி என்றைக்கு, பாண்டி வந்தானா, அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது, எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். பேச ஒன்றும் மிச்சம் இல்லை. போனை வைக்கவும் மனம் வரவில்லை. நான்கு மாதப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"டிவி எப்படிப்பா இருக்கு?"

"நல்லாக் கேக்குது."